பழைய செயின் சா: கல்லாக இறுகிய எண்ணெய் அழுக்கை எதைக் கொண்டு, எந்த வரிசையில் எடுப்பது?

சீகைக்காடு (கோத்தகிரி):

வணக்கம். மிஷின் ஸ்டில் 038. தோட்டத்தில் பல வருடமாக ஓடுகிறது. சில்வர் ஓக் கிளை கழிப்பது, காற்றில் சாய்ந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்) அறுப்பது, எப்போதாவது பைன். பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்கு, பார் ஆயிலுக்குப் பதில் பெரும்பாலும் ஜீப்பிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயில்தான் ஊற்றியிருக்கிறார்கள். நடுவில் கொஞ்ச காலம் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயும் ஊற்றியிருக்கிறார்கள். வெளியே துடைத்ததோடு சரி, பிரித்துச் சுத்தம் செய்ததே இல்லை.

ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றினால் உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாக இறுகிக் கிடக்கிறது. சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவில் இடைவெளியே தெரியவில்லை. கால் மணி நேரம் அறுத்தால் சூடேறி நின்றுவிடுகிறது, ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. செயினுக்கு எண்ணெய் சரியாக வருவதில்லை. பாரில் கருநீலக் கறை, டீசலுக்கு அசையவே இல்லை.

என் கேள்விகள்: வாட்டர் சர்வீஸில் கொடுத்து பிரஷரில் அடிக்கலாமா? பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் இதில் எது? காஸ்டிக் சோடா போட்டால் ஒரே கழுவில் போய்விடும் என்கிறார்கள், உண்மையா? எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டும்? ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மிஷின் வேலைக்கு வேண்டும்.

கூடலூர் ஒர்க்‌ஷாப்:

வாட்டர் சர்வீஸ் வேண்டவே வேண்டாம். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அடியில் ஆயில் நிற்கும் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில் ஒன்றுதான் கிராங்க் பேரிங்குக்கு உயவு. பிரஷரில் அடிக்கும் தண்ணீர் ஆயில் சீலின் மெல்லிய ரப்பர் உதட்டைத் தள்ளிக்கொண்டு, மண்ணையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். மிஷினை நான்கு நாள் சும்மா வைத்தால் பேரிங்கில் துரு பிடித்துவிடும். காயில், சுவிட்ச் ஒயர் எல்லாம் நனைவது வேறு.

காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். சிலிண்டர், ஃபின் எல்லாம் அலுமினியம். ஆசிட் கலந்த கிளீனரும் கூடாது, உங்கள் மிஷினின் கிராங்க் கேஸ் மெக்னீசியம், ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும்.

பெட்ரோல் அழுக்கை எடுக்கும், ஆனால் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும். இறுகிய கட்டிக்கு அரை மணி நேரமாவது ஊற வேண்டும், அதற்கு டீசலோ மண்ணெண்ணெயோதான். தீ அபாயமும் சேர்த்துப் பார்த்தால் பெட்ரோலைப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துக் கழுவுவது சரியான வேலை அல்ல. விறகு அடுப்பு எரியும் வீட்டுக்குப் பக்கத்தில் யோசிக்கவே கூடாது.

பதிமூணு ஸ்பேனர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் செய்முறைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் மிஷினில் இருப்பது ஒரே அழுக்கு அல்ல. வேஸ்ட் ஆயிலும் தூளும் சேர்ந்த கருப்புக் கட்டி டீசலில் இளகும். பைன் பிசினும் மண்ணெண்ணெயில் கரையும். சமையல் எண்ணெய் அப்படி இல்லை. அது சூட்டில் காய்ந்து, பழுப்பு வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும். அதற்கு டீசல் பலிக்காது, சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வேண்டும். கற்பூர மரத்துச் சிவப்புப் பிசினுக்கும் எண்ணெய் வகை உதவாது, வெந்நீரில்தான் இளகும். இது தெரியாமல் ஒரே டீசலை வைத்து மணிக்கணக்கில் தேய்த்து, பெயிண்டைத்தான் எடுப்போம்.

தேவையானவை: டீசல் அரை லிட்டர் போதும், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சோப்பு, பெயிண்ட் பிரஷ் ஒன்று, கெட்டியான நைலான் பிரஷ், பழைய டூத் பிரஷ் இரண்டு, மூங்கில் சிம்பு நாலைந்து, பழைய பருத்தித் துணி நிறைய, கிளட்ச் பக்கத்துக்கு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே ஒரு டின், மிஷினோடு வந்த 13-19 ஸ்பேனர், கவர் ஸ்க்ரூவுக்கு ஏற்ற சாவி, கையுறை. வேஸ்ட் ஆயிலில் உலோகத் தூளும் கரியும் இருக்கும், தோலுக்கு நல்லதல்ல. வெறும் கையில் தொடாதீர்கள்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் டேங்கையும் ஆயில் டேங்கையும் காலி செய்துவிடுங்கள். பிளக் கேப்பைக் கழற்றுங்கள், ஆனால் பிளக்கைக் கழற்றாதீர்கள். அது இடத்தில் இருந்தால்தான் சிலிண்டருக்குள் அழுக்கு விழாது. சோக்கை மூடிய நிலையில் வையுங்கள். ஏர் ஃபில்டரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். சைலன்சர் வாயில் துணியைச் சுருட்டி அடையுங்கள், வால் வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க மறந்துவிடும்.

அடுத்து, எதையும் நனைப்பதற்கு முன் சுரண்டுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். காய்ந்த கட்டியின் மேல் டீசலை ஊற்றினால் அது சேறாகி, இதுவரை அழுக்கே போகாத மூலைக்கெல்லாம் ஓடும். பாதிக்கு மேல் அழுக்கு உலர்ந்த நிலையிலேயே பெரிய பெரிய துண்டாக வந்துவிடும். மூங்கில் சிம்பைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கை தவறினால் ஃபின் உடையும், சீலில் குத்தும்.

வரிசை இப்படி. பார் நட் இரண்டையும் கழற்றி, கவர், செயின், பார் மூன்றையும் எடுத்துத் தனியாக வையுங்கள். பார் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன எண்ணெய்த் துவாரம் தெரியும். அதைச் சுற்றிச் சுரண்டும்போது அழுக்கை உள்ளே தள்ளிவிடாதீர்கள், வெளிப்பக்கமாகவே இழுங்கள். பிறகு ஸ்டார்டர் கவர். சுற்றி இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கயிற்றோடு மொத்தமாக வரும். அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கிளறாதீர்கள், பாய்ந்து முகத்தில் அடிக்கும். கவரின் காற்று இழுக்கும் ஜன்னல்களைப் பாருங்கள், பாதி அடைத்திருக்கும். மேக்னெட்டின் (ஸ்டார்டருக்குப் பின்னால் சுற்றும் ஃப்ளைவீல்) இறக்கைகளை டூத் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேயுங்கள். பக்கத்தில் இருக்கும் காயிலைத் தளர்த்த வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்திருந்தால், திரும்ப இறுக்கும்போது மேக்னெட்டுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம், அதாவது 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும்.

இப்போது ஃபின். உங்கள் மிஷின் கால் மணி நேரத்தில் நிற்பதற்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். மேக்னெட்டின் இறக்கைகள் தள்ளும் காற்று இந்த இடுக்குகள் வழியாகப் போனால்தான் சிலிண்டர் ஆறும். அடைத்துக்கொண்டால் சூடு உள்ளேயே நிற்கும், 2டி ஆயில் படலம் மெலியும், பிஸ்டன் உரசத் தொடங்கும். மேல் கவரை எடுத்து மேலிருந்து ஒரு இடுக்கு, கீழிருந்து ஒரு இடுக்கு என்று சிம்பை விட்டுத் தள்ளுங்கள். டார்ச்சை ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வர வேண்டும். சைலன்சரைக் கழற்றாமல் அதன் பின்னால் இருக்கும் அடிப்பக்க ஃபின் தெரியாது. கழற்றும்போது ஸ்டார்டர் கவரைத் திரும்ப மாட்டி, கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டன் எக்ஸாஸ்ட் துவாரத்தை மூடும்படி நிறுத்துங்கள். கரியைச் சுரண்டினாலும் உள்ளே விழாது. சைலன்சருக்குள் கம்பி வலை இருந்தால் அதையும் எடுத்து கம்பி பிரஷால் தேய்க்கலாம்.

சுரண்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷால் டீசலைத் தொட்டுத் தடவுங்கள். ஊற்ற வேண்டாம், தடவினால் போதும். 20 முதல் 30 நிமிடம் ஊறட்டும். நைலான் பிரஷால் தேய்த்து உடனே துணியால் ஒற்றி எடுங்கள். திரும்பத் தடவுங்கள். உங்கள் மிஷின் நிலைக்கு மூன்று சுற்று ஆகலாம். கைப்பிடியைத் தாங்கும் ரப்பர் பஃபர்கள் மேல் டீசல் நிற்கக் கூடாது, ரப்பர் ஊதிவிடும், பட்டால் அப்போதே துடையுங்கள்.

கிளட்ச் பக்கத்துக்கு டீசல் வேண்டாம். அங்கே பிரேக் பட்டை டிரம்மைச் சுற்றி இருக்கிறது, அதில் எண்ணெய்ப் பசை நின்றால் செயின் பிரேக் வழுக்கும். பிரேக்கைத் தளர்ந்த நிலையில் வைத்து, உலர் பிரஷ், பிறகு பிரேக் கிளீனர். பட்டையின் கனத்தையும் பாருங்கள். மிக மெலிந்த இடத்தில் 0.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். டிரம்மைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பை எடுக்கும்போது கையால் மூடிக்கொள்ளுங்கள், தேயிலைச் செடிக்குள் தெறித்தால் கிடைக்காது. டிரம்மை எடுத்தால் ஊசி பேரிங் வரும், துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். கிளட்சைச் சுத்தம் செய்வதற்காக மட்டும் கழற்ற வேண்டியதில்லை. கழற்றியே ஆக வேண்டும் என்றால் அது எதிர்த்திசை மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கமான பக்கம் திருப்பி முறித்தவர்கள் ஏராளம்.

டீசல் வேலை முடிந்த பிறகு, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் லிக்விட் சோப்பு. பிரஷை நனைத்து உதறிவிட்டுத் தேயுங்கள். பழுப்பு வார்னிஷ் இருக்கும் இடத்தில் சோப்பைத் தண்ணீர் கலக்காமல் தடவி, ஈரத் துணியால் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள், பிறகு நகத்தால் கீறினால் உரிந்து வரும். ஈரத் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். மூடுபனி நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஈரம் ஃபின் இடுக்கிலேயே நிற்கும்.

ஏர் ஃபில்டர் கடைசியில். ஃபில்டரைக் கழற்றியதும் கார்ப் (கார்புரேட்டர்) வாயில் சுத்தமான துணியை வையுங்கள். ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் உள்ளிருந்து வெளியே போகும்படி அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். வெளியிலிருந்து காற்றடித்தால் தூள் வலையின் கண்ணில் சிக்கி நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ஓட்டையிருந்தால் கழுவிப் பயனில்லை.

தைலமரம்:

செயின், பார் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் இது.

அந்தக் கருநீலக் கறை அழுக்கே இல்லை. சீகைப் பட்டையில் டானின் அதிகம், தோல் பதனிடவே அந்தப் பட்டையைப் பயன்படுத்துவார்கள். டானின் ஈரத்தோடு இரும்பில் பட்டால் கருத்துவிடும். தேய்த்துப் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. பாரின் பள்ளத்தையும் துவாரத்தையும் மட்டும் கவனியுங்கள்.

செயினும் பாரும் எஃகு, அவற்றுக்குச் சலவை சோடா போடலாம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. செயினை அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தால் பிசின் எல்லாம் வந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி உடனே துடைத்துக் காயவைத்து, பிறகு சுத்தமான பார் ஆயிலில் ஒரு இரவு போட்டு வையுங்கள். ரிவெட் உள்ளே எண்ணெய் இறங்க அந்த நேரம் வேண்டும். இந்தச் சோடா நீரை இன்ஜின் மேல் கொண்டுபோகாதீர்கள், இதுவும் காரம்தான், அலுமினியத்துக்கு ஆகாது.

பாரின் பள்ளத்தில் பழைய ஹேக்சா பிளேடுத் துண்டை விட்டு மூக்கிலிருந்து வால் பக்கமாக இழுங்கள். மூக்கில் சக்கரம் இருக்கும் பார் என்றால் அந்தப் பக்கம் தள்ளக் கூடாது, தூள் பேரிங்கில் போய் அடைக்கும். பிறகு வால் பக்கத்து எண்ணெய்த் துவாரம். சைக்கிள் பிரேக் கம்பியின் ஒரு இழை போதும். எண்ணெய் வராததற்குப் பாதி நேரம் காரணம் இந்தத் துவாரம்தான், பம்ப் மேல் பழி போடுவோம். மாட்டும்போது பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

ஆயில் டேங்கில் 100 மி.லி. டீசல் ஊற்றி, மூடி, குலுக்கிக் கொட்டுங்கள். கருப்பு நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சல்லடையைக் கொக்கிக் கம்பியால் இழுத்துக் கழுவுங்கள். வேஸ்ட் ஆயிலின் கசடு அங்கேதான் பிடித்திருக்கும்.

இன்னொன்று: கழுவிய டீசலை ஓடையிலோ சதுப்பிலோ ஊற்றாதீர்கள். நம் ஊர் ஊற்றுத் தண்ணீரைக் கீழே இருக்கும் வீடுகள் அப்படியே குடிக்கின்றன, மிச்சம் பவானிக்குப் போகிறது. தகர டின்னில் சேர்த்து, வேஸ்ட் ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். எண்ணெய்த் துணியைக் குவித்து வைக்காதீர்கள். சமையல் எண்ணெய் ஊறிய துணிக் குவியல் தானாகவே சூடேறிப் பற்றும்.

சீகைக்காடு (கோத்தகிரி):

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்து முடித்தோம். ஃபின் வழியாக வெளிச்சம் தெரிகிறது. சைலன்சரின் பின்பக்கம் இருந்த கட்டி தேங்காய்ச் சில்லு அளவுக்கு இருந்தது. ஃபில்டர் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தோம், வெள்ளையாம்.

புதிதாக ஒன்று. ஸ்டார்ட் செய்தால் ஆக்ஸிலேட்டர் முழுக்க அழுத்தியதும் முன்பைவிட வேகமாக, கூர்மையாகக் கத்துகிறது. விட்ட பிறகு இறங்கவும் நேரம் எடுக்கிறது. பவர் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடலூர் ஒர்க்‌ஷாப்:

இல்லை. அறுக்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

ஃபில்டர் அடைத்திருந்தபோது காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். மிஷின் புகைந்து இழுக்காமல் இருந்திருக்கும். அதைச் சரிக்கட்ட யாரோ எச் ஸ்க்ரூவை (கார்பில் முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவை வைக்கும் ஸ்க்ரூ) உள்ளே திருகிப் பெட்ரோலைக் குறைத்திருக்கிறார்கள். இப்போது காற்று வழி திறந்துவிட்டது, ஸ்க்ரூ அப்படியே இருக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்றால் 2டி ஆயிலும் போதவில்லை என்று அர்த்தம். இந்தச் சத்தத்தோடு ஒரு கற்பூர மரத்தை அறுத்தால் பிஸ்டன் பிடித்துவிடும். பழைய மிஷினைச் சுத்தம் செய்த பிறகு கார்ப் டியூன் பார்ப்பது கட்டாயம்.

செய்ய வேண்டியது: எச் ஸ்க்ரூவைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கால் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் சூடாக்கி, சில நொடி மட்டும் முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். லோடு இல்லாதபோது சத்தம் தட்டித் தட்டி, கொஞ்சம் கரகரப்பாக வர வேண்டும். கட்டையில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு போய்ச் சுத்தமான சத்தமாக மாற வேண்டும். அதுதான் சரியான இடம். லோடிலும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம், ஒரு முள் அளவு உள்ளே. லோடு இல்லாமலே கூர்மையாகக் கத்தினால் குறைவு, வெளியே. ஐடிலில் செயின் சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள், சுற்றவே கூடாது.

விட்ட பிறகு வேகம் இறங்க நேரமாகிறது என்றீர்களே, எச் ஸ்க்ரூவைத் திருத்திய பிறகும் அது இருந்தால் வேறு வழியில் காற்று இழுக்கிறது. கார்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் வெடிப்பு பாருங்கள். கட்டி ஒட்டியிருந்தவரை வெடிப்பை அழுக்கே அடைத்திருக்கும்.

பதிமூணு ஸ்பேனர்:

இதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த மிஷின் ஊட்டியில் புகையும், 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே சரியாக வைத்ததைக் கீழே கொண்டுபோனால் அதற்கு நேர்மாறு, பெட்ரோல் போதாமல் பிடிக்கும். மலையிறங்கும் மிஷினுக்குத்தான் அபாயம் அதிகம். கீழே போய் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுங்கள்.

கலவை: ஸ்டில் 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி. மற்ற சாதாரண 2டி ஆயில் என்றால் இந்தப் பழைய மாடலுக்கு லிட்டருக்கு 40 மி.லி. பிளக்கின் இடைவெளி 0.5 மி.மீ. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, நம் ஊர்ப் பனியில் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிற மிஷின் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள்.

சீகைக்காடு (கோத்தகிரி):

கால் சுற்று எடுத்ததும் சத்தம் மாறியது, கட்டையில் வைத்தால் நீங்கள் சொன்னபடியே சுத்தமாகிறது. வேகமும் உடனே இறங்குகிறது. ரப்பரில் வெடிப்பு இல்லை. இருபது நிமிடம் அறுத்தும் நிற்கவில்லை. எண்ணெய் சரியாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அப்புறம், நாளைக்குத் திரும்பவும் சூட்டில் நின்றால் எங்கே தேடுவது?

தைலமரம்:

எண்ணெய்க்கு: புதிதாக அறுத்த அடிக்கட்டையின் வெளிர் முகத்துக்கு நேரே பாரின் மூக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முக்கால் ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அரை நிமிடத்துக்குள் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். மிஷினின் துவாரத்தில் எண்ணெய் ஊறினால் பாரில் அடைப்பு. ஊறாவிட்டால் சல்லடை, டியூப், அதற்குப் பிறகுதான் பம்ப். டேங்க் மூடியின் காற்று வழி அடைத்தாலும் எண்ணெய் வராது. குளிர்காலக் காலையில் கெட்டி எண்ணெய் இறங்காமல் நிற்பதும் உண்டு, வெயில் ஏறியதும் திரும்பச் சோதித்துப் பாருங்கள்.

சூட்டில் நின்றால் முதலில் பெட்ரோல் மூடியைத் துணியால் பிடித்து மெதுவாகத் திறங்கள், சூடான டேங்கிலிருந்து பெட்ரோல் பீறிட்டு வரலாம். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அதன் பின் உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. திறந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, துவாரத்திலிருந்து எட்டத் தள்ளி இன்ஜின் உடம்பில் வைத்து ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் இல்லாமல் ஆறியதும் வந்தால் காயில் போய்விட்டது.